பொட்டு வைத்த பெட்டி

எங்கள் வீட்டு மச்சில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2000-ஆம் வருடத்து உருப்படி. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதன் நெற்றியில் சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைப்போம். துடைத்துவிட்டு வைக்கணும் என்பது மனைவியின் கட்சி. பழசின் மேலேயே வைக்கணும் என்பது என் கட்சி. போன வருடம் நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவள் கரண்டிக் காம்பால் சுரண்டிவிட்டாள். வந்து பார்த்தால், மஞ்சள் பாரித்துப்போன பிளாஸ்டிக்கின் நடுவே பழைய ஐம்பது பைசா அகலத்துக்கு ஒரு வெள்ளை வட்டம். வாங்கின அன்றைக்குப் பெட்டி மொத்தமும் அந்த நிறத்தில்தான் இருந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. காப்பைக் கழற்றினால் கையில் தெரியுமே, அந்த மாதிரி.

"இன்னுமா இத வெச்சிருக்கே?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். வைத்திருப்பது மட்டுமில்லை, வேலையும் வாங்குகிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அதைப் போட்டாக வேண்டியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். போகிற வழியில் என்னைப் போலவே மாட்டிக்கொண்ட வேறு சிலரையும் பார்த்துவிட்டுப் போவோம்.

கோவில்பட்டியில் டிடிபி சென்டர் போடுவதென்று முடிவானதும், அப்பா தள்ளி எடுத்த சீட்டுப் பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினேன். ரிச்சி தெரு. மவுண்ட் ரோட்டிலிருந்து பத்தடி உள்ளே வந்தால் உலகமே வேறு. முழுக் கம்ப்யூட்டராக அங்கே யாரும் வாங்குவதில்லை. கேபினெட் ஒரு கடை, மதர்போர்டு இன்னொரு கடை, ராம் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம். எல்லாவற்றையும் ஒரு பையன் அரை மணி நேரத்தில் பூட்டிக் கொடுத்துவிட்டான். செலரான் 433 மெகாஹெர்ட்ஸ், 64 எம்பி ராம், 8.4 ஜிபி ஹார்டு டிஸ்க், 15 அங்குல மானிட்டர். "இந்த டிஸ்க்க உங்க ஆயுசுக்கும் ரொப்ப முடியாது சார்" என்று கடைக்காரர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கடைசிவரை அதில் கால்வாசி காலியாகத்தான் கிடந்தது. இன்றைக்கு என் போனில் கல்யாண வீடியோ ஒன்றே ஒன்று அதில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

திரும்பும்போது பாரிமுனையில் பஸ். கேபினெட் காலடியில், மானிட்டர் மடியில். கண்டக்டர் லக்கேஜ் போட வந்தவர், "உள்ள என்ன?" என்றார். கம்ப்யூட்டர் என்றால் கூடக் கேட்பாரோ என்று "டிவி" என்றேன். பக்கத்து சீட்டுப் பாட்டிக்கு ரொம்ப சந்தோஷம். விழுப்புரம் தாண்டியதிலிருந்து, "கரெண்டு இல்லாம ஓடாதாய்யா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விடியும்போது என் தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன. அந்த மானிட்டர் 2011-ல் ஒரு இடி மழையில் போய்ச் சேர்ந்தது. பெட்டி பிழைத்துக்கொண்டது.

கம்ப்யூட்டருக்குக் கொடுத்ததைவிட மனசு வலிக்கக் கொடுத்தது எழுத்துக்கு. அதாவது தமிழ் எழுத்துரு. நாற்பது ஐம்பது எழுத்துரு கொண்ட ஒரு தொகுப்பு. கூடவே ஒரு 'லாக்'. பெட்டியின் பின்பக்கம் 25 துளை உள்ள பிரிண்டர் போர்ட் இருக்கிறதல்லவா, அதில் இந்த லாக்கைச் செருகி, அதன் முதுகில் பிரிண்டர் கேபிளைச் செருகணும். லாக் இல்லையென்றால் எழுத்து வராது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தீப்பெட்டி ஊர்க்காரனான நான், அந்தத் தீப்பெட்டி அளவு டப்பாவுக்காக அம்மாவின் இரண்டு வளையலை அடகு வைத்தேன். காபி அடித்தும் பிழைத்திருக்கலாம், ஊரில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். எனக்குப் பயம். அந்தப் பயம்தான் என்னை இந்தப் பெட்டியோடு கட்டிப்போட்டது என்று அன்றைக்குத் தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்கணும். இன்றைக்குப் போனில் தமிழ் அடிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்துத் தமிழின் கூத்து புரியாது. அப்போது கம்ப்யூட்டருக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கில எழுத்துதான் உள்ளே போகும். மேலே தமிழ் வேஷம் கட்டிவிடுவது எழுத்துருவின் வேலை. பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. இப்படி அடித்தால் திரையில் 'தமிழ்' என்று வரும். எழுத்துருவை மாற்றினால் வேஷம் கலைந்து ஜேகேபிஓ நிற்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'யளனக' அடித்துப் பழகின எங்கள் கைக்குப் பாமினி உறுத்தவில்லை, விசைகள் ஏறக்குறைய அதே இடத்தில் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வேஷம் கட்டியது. ஒரு கடையில் அடித்த தமிழ் அடுத்த கடையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூட்டி, தாம், தாப் என்று இரண்டு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம்தான். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு அதெல்லாம் எட்ட நாளாயிற்று. அப்புறம் யூனிகோடு வந்து எல்லாத் தகராறையும் தீர்த்துவைத்தது, புதிதாக அடிப்பவர்களுக்கு.

பழசை அடித்து வைத்தவர்கள் பாடுதான் பாடு. 14 வருடம் கடை நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, உள்ளூர்க் கவிஞர்கள் கடன் சொல்லி அடித்துக்கொண்டு போன புத்தகங்கள். அத்தனையும் பேஜ்மேக்கர் 6.5 கோப்புகள், அத்தனையிலும் அந்த லாக் எழுத்து. லாக் விற்ற கடையை அப்புறம் தேடிப் போனேன். அந்த இடத்தில் பிரியாணி போட்டுக்கொண்டிருந்தார்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்து அப்புறம் எழுத்தை அடிப்போம், யூனிகோடில் எழுத்துக்குப் பிறகுதான் கொம்பு. செயலி அதையெல்லாம் மாற்றிப் போட்டுவிடும். 'ஔ'வுக்குத் தனி எழுத்து தேடச் சோம்பி 'ஒ'வையும் 'ள'வையும் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றியிருப்போம் பாருங்கள், அங்கேதான் அது திணறும். ஔவையார் ஒளவையாராகி இணையம் முழுக்க அலைவது இப்படித்தான். என்னுடைய எழுத்துரு பெரிய கம்பெனியுடையதும் இல்லை, அதற்கென்று சரியான மாற்றியும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே பழைய கோப்பு ஒன்று வேண்டுமென்று யாராவது வந்தால் மச்சுப்படி ஏறுவேன்.

சரி, என் கதை இருக்கட்டும். இதைப் பேசப்போய், ஊருக்குள் என்னைப் போல் எத்தனை பேர் என்று தெரிந்தது.

எட்டயபுரம் ரோட்டில் ஒரு எடைமேடை இருக்கிறது. அண்ணாச்சி ஒருவர் நடத்துகிறார். லாரி மேடையில் ஏறி நிற்கும், உள்ளே ஒரு டப்பாவில் சிவப்பு எண் ஓடும், அங்கிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும், டாட் மேட்ரிக்ஸ் கிரீச்சிட்டு மூன்று பிரதிச் சீட்டு துப்பும். 1995-ல் வாங்கின 486 அது. நிரலை எழுதியது அண்ணாச்சியின் மச்சான் மகன், இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில் பாஸ்கலில் எழுதிக் கொடுத்தான். படிப்பு முடிந்ததும் அமெரிக்கா போய்விட்டான்.

2003-ல் அண்ணாச்சி ஆசைப்பட்டுப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். நிரலை அப்படியே ஃப்ளாப்பியில் கொண்டுபோய் ஏற்றினார்கள். போட்ட உடனே 'ரன்டைம் எரர் 200' என்று ஒரு வரி, செத்தது. வைரஸ் என்றார்கள், ஃப்ளாப்பியில் பூஞ்சை என்றார்கள், வாஸ்துகூடப் பார்த்தார்கள். கடைசியில் என்னைக் கூப்பிட்டார். எனக்கும் அன்றைக்கு விளங்கவில்லை, ஒரு வாரம் கழித்து எங்கேயோ படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அழகான விஷயம் அது, கேளுங்கள்.

அந்தக் காலத்துப் பாஸ்கல் நிரல் கிளம்பும்போதே ஒரு சின்ன வேலை செய்யும். நாம் ஓடும் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகம் என்று அளந்துகொள்ளும். எப்படி? கடிகாரம் ஒரு துடிப்பு துடிக்கும் நேரத்துக்கு, அதாவது சுமார் 55 மில்லிசெகண்டுக்கு, சும்மா ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகும். எண்ணி முடித்ததை 55-ஆல் வகுத்தால் ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை என்று தெரியும். அந்த விடையைப் போட்டுவைக்க அது ஒதுக்கிய பாத்திரம் சின்னது, 65,535-க்கு மேல் கொள்ளாது. எழுதியவர்கள் காலத்தில் அது கடல் போல் இருந்திருக்கும். 200 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வேகம் ஏறியதும் பாத்திரம் வழிந்தது. வகுத்த விடை கொள்ளவில்லையென்றால் அந்தச் சிப்புக்குத் தெரிந்த ஒரே முறையீடு, 'பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய்' என்பது. அதுதான் 200. யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை, கம்ப்யூட்டர் வேகமாகிவிட்டது, அவ்வளவுதான் குற்றம்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வேகமாப் போனா லாரிதான் கவுறும்னு நெனச்சேன். இதுவும் கவுறுமா தம்பி?" என்றார். புதுக் கம்ப்யூட்டர் பேரனுக்குப் போயிற்று. 486 திரும்ப மேசைக்கு வந்தது. அதற்குப் பிறகு சரிசெய்ய வழி உண்டு என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஓடுறத எதுக்குப்பா நோண்டணும்?" என்கிறார். முத்திரை போட வருகிற அதிகாரிக்கும் ஆட்சேபம் கிடையாது. அவர் சோதிப்பது தராசை, கம்ப்யூட்டரை இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது ஜோசியர் கதை. செண்பகவல்லி அம்மன் கோயில் பக்கம் அவர் வீடு. 1996-ல் வாங்கின கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, டாஸில் ஓடும் ஜாதக நிரல். பிறந்த நாளும் நேரமும் ஊரும் கொடுத்தால் கட்டம் போட்டு, தசாபுத்தியோடு ஏழெட்டுப் பக்கம் டாட் மேட்ரிக்ஸில் கிரீச்சிட்டு அடித்துத் தரும். நல்ல லேசர் பிரிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள் சாமி, நான் அமைத்துத் தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னேன். சிரித்தார். "அந்தச் சத்தம் கேக்கும்போதே வந்தவங்க முகத்தப் பாத்திருக்கீரா? தலையெழுத்து விழுற சத்தம்யா அது" என்றார். அவர் சொன்னது சரி. லேசர் பிரிண்டரில் தாள் சீட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து விழும், அதில் ஒரு பயபக்தி வராது. வருடங்கள் ஆகின்றனவே என்றால், "நவக்கிரகத்துல என்ன அப்டேட்டு வந்திருக்கு?" என்பார்.

ஆனால் அந்த நிரலில் ஒரு வினை இருந்தது. வருடத்துக்கு இரண்டே இலக்கம். 75 என்று கொடுத்தால் 1975. 01 என்று கொடுத்தால் 1901. 2000-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் நூறு வயதுக் கிழவனின் ஜாதகம் வரும். அவர் அதற்காகக் கலங்கவில்லை. குழந்தைகளுக்குக் கையால் கணித்துக் கொடுத்தார். பெரிய வருமானம் கல்யாணப் பொருத்தத்தில்தானே? பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் 70-களில், 80-களில், 90-களில் பிறந்தவர்கள். இருபது வருடத்துக்குமேல் இப்படியே வண்டி ஓடியது. மூன்று வருடத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "ஒரு லேப்டாப் பாத்துச் சொல்லும்" என்றார். ஏன் என்றேன். "2001-ல பொறந்த பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆரம்பிச்சிருச்சுய்யா." உலகமெல்லாம் ஒய்டூகே என்று பயந்து ஒன்றும் நடக்காமல் போனதே, அது 22 வருடம் தாமதமாகக் கோவில்பட்டியில் ஒரு திண்ணையில் வந்து இறங்கியது. பழைய பெட்டியை அவர் தூக்கிப் போடவில்லை. மறுமணத்துக்குப் பார்க்க வருகிறவர்களுக்கு அது இன்னும் ஓடுகிறது.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், நல்லா ஓடுது, எதுக்கு மாத்தணும் என்றுதான் சொல்வார்கள். பாதிதான் நம்பணும். தோண்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டிருக்கும். எனக்கு எழுத்து, அண்ணாச்சிக்கு அமெரிக்கா போன மச்சான் மகன், ஜோசியருக்கு அந்தச் சத்தம். பாசம் எல்லாம் அப்புறம் வருவது. விட முடியாமல் போன பிறகுதானே மனுஷன் ஒன்றின் மேல் பாசம் வைக்கிறான்? (இதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டவில்லை.)

வெளியூரிலும் இதே கதைதான். போலந்தில் கடான்ஸ்க் நகரத்தில் ஒரு கார் பட்டறை. வண்டியின் டிரைவ் ஷாஃப்டைச் சமன் பார்க்கும் இயந்திரத்தை ஒரு கமடோர் 64 ஓட்டுகிறது என்று 2016-ல் படத்தோடு செய்தி வந்தது. 1982-ல் வெளிவந்த, பிள்ளைகள் விளையாடும் வீட்டுக் கம்ப்யூட்டர் அது. அந்தப் பட்டறையில் இருந்தது 25 வருடத்துக்குமேல் கிரீஸும் தூசியும் தின்று, ஒரு வெள்ளத்தையும் தாண்டி நின்றது. டெக்சாஸில் கான்ரோ என்ற ஊரில் வடிகட்டி செய்யும் கம்பெனி ஒன்று, 1948-ல் அறிமுகமான ஐபிஎம் 402 கணக்கு இயந்திரத்தை 2012-லும் கணக்குக்கு வைத்திருந்தது. கம்ப்யூட்டர் என்று சொல்வதற்கே கொஞ்சம் தயங்கணும், அவ்வளவு பழசு. துளையிட்ட அட்டை போட்டால் கணக்கு வரும், நிரல் என்பது ஒரு பலகையில் செருகும் வயர்கள். அவர்களுக்குச் சிக்கியிருந்தது என்ன என்று யோசித்தால், அந்த அட்டைகள்தான் அவர்களுடைய பேரேடு. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் இணையமே இல்லாத டாஸ் கம்ப்யூட்டரில் வேர்ட்ஸ்டார் 4.0-இல்தான் நாவல் எழுதுகிறேன் என்று 2014-ல் ஒரு டிவி பேட்டியில் சொன்னார். தான் அடிப்பதைத் தானே திருத்திக்கொண்டு வருகிற கம்ப்யூட்டர் தனக்கு வேண்டாம் என்பது அவர் வாதம். சிறிய எழுத்தை அடித்தால் அது பெரிய எழுத்தாகிவிடக் கூடாது. மெய்ப்புப் பார்த்துப் பிழைக்கிற எனக்கு இதைவிட நியாயமான காரணம் தெரியாது.

இந்த ஜமாவுக்கு நாட்டாமை என்றால் நாசாதான். 1977-ல் அனுப்பின வாயேஜர் விண்கலங்களில் அன்றைக்கு வைத்த கம்ப்யூட்டர்கள்தான் இன்றைக்கும் ஓடுகின்றன. மொத்த நினைவகமும் சேர்த்து 70 கிலோபைட் சுமாருக்கு. நீங்கள் காலையில் அனுப்பும் 'குட் மார்னிங்' ரோஜாப்பூப் படம் அதில் கொள்ளாது. 2023 நவம்பரில் வாயேஜர் 1 அர்த்தமில்லாமல் உளற ஆரம்பித்தது. 2,400 கோடி கிலோமீட்டர் தூரம், ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. பார்த்தால் ஒரே ஒரு சிப், உள்ளே ஒரு கம்ப்யூட்டரின் நினைவகத்தில் 3 சதவீதம், போய்விட்டிருந்தது. அங்கே இருந்த நிரலைத் துண்டு துண்டாக்கி, காலியான மூலைகளில் ஒண்ட வைத்தார்கள். 2024 ஏப்ரலில் அது மறுபடி ஒழுங்காகப் பேசிற்று. ஒண்டுக்குடித்தன வீட்டில் ஒரு அறை இடிந்தால் செய்வோமே, அதே உபாயம்.

எங்கள் ஊர் உபாயங்களும் ஒன்றும் குறைச்சல் இல்லை. பெட்டியைப் போட்டதும் 'பீப் பீப்' என்று நிற்காமல் கத்தினால் ராமைக் கழற்றி, அதன் தங்கப் பல்லை ரப்பரால், பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் ரப்பர்தான், அழுத்தித் தேய்த்து மறுபடி மாட்டணும். பத்துக்கு எட்டு தடவை சரியாகிவிடும். மவுஸ் நகராவிட்டால் வயிற்றைத் திறந்து உருண்டையை எடுத்துவிட்டு, உள்ளே உருளையில் சுற்றியிருக்கும் அழுக்கை நகத்தால் கெல்லணும். என் பையன் சின்ன வயதில் அந்த உருண்டையை எடுத்துக்கொண்டுபோய் கோலி விளையாடித் தோற்றுவிட்டு வந்தான். ஜெயித்தவன் வீட்டுக்குப் போய்ப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டியதாயிற்று. ஏப்ரல் 26 வந்தால் சிஐஎச் வைரஸ், செர்னோபில் என்று சொன்னோமே, அதற்குப் பயந்து 25-ஆம் தேதி ராத்திரியே கம்ப்யூட்டரின் தேதியை 27 என்று மாற்றிவிடுவோம். ராகு காலம் கழித்துக் கடை திறப்பது போல.

பெரிய வியாதி 2006-ல் வந்தது. மதர்போர்டில் நிற்கும் கெப்பாசிட்டர்கள் மண்டை உப்பி, பழுப்பாகக் கசிந்தன. அந்தச் சமயத்தில் உலகம் முழுக்கவே தரம் கெட்ட கெப்பாசிட்டர்கள் இப்படி உப்பிக்கொண்டிருந்தன என்று பிற்பாடு படித்தேன். எங்கள் மெக்கானிக் தம்பி ரேடியோ ரிப்பேர் பரம்பரை. ஏழு கெப்பாசிட்டரையும் பிடுங்கி, ஒரு பழைய டிவியிலிருந்து நாலும் மதுரையிலிருந்து மூன்றும் வரவழைத்துப் பற்றவைத்தான். கூலி 150 ரூபாய். ஹார்டு டிஸ்க் முனக ஆரம்பித்தபோது, கேமராவில் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஒன்றை ஒரு சின்னப் பலகை வழியாக மாட்டி, அதையே டிஸ்க் என்று நம்ப வைத்தவனும் அவன்தான். அந்தக் கார்டு பேசுவதும் பழைய டிஸ்க் பேசுவதும் ஒரே பாஷை, அதனால் பெட்டிக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது அவன் போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறான். "அண்ணே, இனிமே பெட்டிய எங்கிட்டத் தூக்கிட்டு வராதீங்க, கண்ணு தெரியல" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு நாற்பத்தைந்து வயது.

ஒன்றை மட்டும் நானே சரிசெய்யாமல் விட்டுவைத்திருக்கிறேன். நேரத்தைக் காப்பாற்றும் வட்ட பேட்டரி. இருபது முப்பது ரூபாய்ப் பொருள், ஒவ்வொரு தடவையும் வாங்கணும் வாங்கணும் என்று நினைத்து மறந்துபோகிறேன். பெட்டியை அணைத்து பிளக்கைப் பிடுங்கினால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். அடுத்த தடவை போடும்போது எஃப்1 அழுத்தச் சொல்லும். அழுத்தினால், 1-1-2000 என்று புத்துணர்ச்சியோடு கிளம்பும்.

நடுவில் ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். அது இல்லாத காரணத்தால், நோய் நொடி இல்லாத எத்தனையோ லேப்டாப்புகள் ஒரே நாளில் கிழடு தட்டிவிட்டன. எங்கள் பெட்டிக்கு அந்தக் கவலை கிடையாது. அதில் ஓடும் விண்டோஸ் 98-ஐ 2006 ஜூலையிலேயே தலைமுழுகிவிட்டார்கள். வயர் எதுவும் வெளியுலகத்தோடு இல்லை. வைரஸ் வருவதானால் ஃப்ளாப்பியில் ஏறி மச்சுப்படி வழியாகத்தான் வரணும்.

போன தை மாதம் ஒருவர் வந்தார். என் கடை திறந்த வருடம், ஆவணி முகூர்த்தத்தில், பத்திரிகை அடித்தவர். கடையின் முதல் பத்துப் பத்திரிகைகளில் அவருடையது ஒன்று. கையில் அந்தப் பழைய பத்திரிகை, மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி. மகளுக்குக் கல்யாணம். பொருத்தம் நம்ம ஜோசியரிடம்தான், புது லேப்டாப்பில். "அண்ணே, இதே மாடல்ல, இதே எழுத்துல வேணும். இப்ப அடிக்கிறது எதுவும் எனக்குப் பிடிக்கல" என்றார். சிவகாசியில் இப்போது வராத வகையெல்லாம் வருகிறது, எதற்கு இது என்று கேட்டுப் பார்த்தேன். மனுஷன் அசையவில்லை.

மச்சுக்குப் போனோம். எஃப்1. கோப்பு எட்டு எழுத்துப் பெயரில் அப்படியே இருந்தது. பேஜ்மேக்கர் திறந்து, லாக் இருக்கிறதா என்று பெட்டி பின்பக்கம் தடவிப் பார்த்து, பத்திரிகை விரிந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மணமகன் இடத்தில் இருந்த அவரை எடுத்துப் பெற்றோர் இடத்தில் வைத்தோம். அப்புறம் உறவுமுறைப் பட்டியல். ஒவ்வொரு பெயராக வாசித்தார்.

"பெரியப்பா... தெய்வத்திரு போட்டுருங்க."

போட்டேன்.

"சின்னத் தாத்தா, தெய்வத்திரு. அத்தைக்குத் தெய்வத்திருமதி. மாமா..." கொஞ்சம் நிறுத்தி, "மாமா இருக்காரு. மதுரையில ஆஸ்பத்திரில. இருக்காரு, போடாதீங்க."

ஒரு தடவை அடித்துவிட்டு ஒட்டிக்கொண்டே போயிருக்கலாம். ஏனோ ஒவ்வொன்றையும் அடித்தேன். கொம்பை முதலில், எழுத்தை அப்புறம். பதினோரு பெயர். விரல் அதுபாட்டுக்குப் போயிற்று. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மனைவி காபி ஆற்றும் சத்தம் கேட்டது.

கடைசி வரிக்கு வந்தோம். பத்திரிகையின் அடியில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், என் கடையின் பெயரும் ஐந்து இலக்க போன் நம்பரும். கடை மூடி எத்தனையோ வருடம். அந்த நம்பரில் இப்போது மணியே அடிக்காது. "இத எடுத்துரட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும்ணே. அது இல்லன்னா மொட்டையா இருக்கும்."

டிரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், ஆப்செட்காரர் பிளேட் போட்டுக்கொள்வார். பணம் வேண்டாம் என்றதற்குக் கடலைமிட்டாய் இரண்டு பாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கோப்பைப் புதுப் பெயரில் சேமித்தேன். பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து நின்றன. அப்பா கல்யாணப் பத்திரிகை 2000 ஆகஸ்ட். அதற்கு ஏழெட்டு மாதம் முந்தி, 1-1-2000 அன்றைக்கே, மகள் கல்யாணப் பத்திரிகை தயார்.